‘வேற என்ன சாப்பிடுற?’ என்று ஒரு முறை கேளுங்கள்: நீலகிரியில் சிக்கிள் செல் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, செவிலியர்களே, மருந்தாளுநர்களே,

வணக்கம். நான் கூடலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தும் ஆசிரியை. மருத்துவம் படித்தவள் இல்லை. பனியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு சிக்கிள் செல் நோய் இருக்கிறது; சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து, ரத்த ஓட்டத்தை அடைத்து வலி தரும் பரம்பரை நோய் அது. மாதத்தில் ஒரு நாள் உங்களிடம் வருகிறார்கள். மிச்ச நாளெல்லாம் வீட்டாரோடும் எங்களோடும் இருக்கிறார்கள். அதனால் உங்கள் அட்டையில் ஏறாத ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியும். நீங்கள் கொடுக்கும் மாத்திரையோடு, சில சமயம் அதற்குப் பதிலாக, அவர்களில் பலர் நாட்டு மருந்தும் சாப்பிடுகிறார்கள்.

உங்களிடம் அதைச் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை, சொல்லாததால் என்ன ஆகிறது என்பதை எழுதத்தான் இந்த மடல்.

இந்த நோய் இந்த மலைக்குப் புதிதல்ல. 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்துத்தான் தென்னிந்தியாவில் அரிவாள் வடிவச் சிவப்பணு இருப்பதை வெளியே சொன்னார்கள். அப்புறம் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கூடலூரில் அஷ்வினி என்ற தொண்டு அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருவதை இங்கே எல்லோரும் அறிவோம். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 17 மாநிலங்களில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. தமிழ்நாடும் அந்த 17இல் ஒன்று. முகாம் நடக்கிறது, விரலில் குத்துகிறார்கள், வண்ண அட்டை கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அட்டை வாங்கிய பிள்ளைக்கு நடு ராத்திரியில் தொடை எலும்பில் வலி எடுத்தால் யார் வருவார்கள் என்ற கேள்விக்கு அந்த அட்டையில் பதில் இல்லை. பாட்டிதான் வருகிறாள், நொச்சித் தழையோடு.

என் மாணவி ஒருத்தியின் பாட்டியிடமிருந்தே தொடங்குகிறேன். நொச்சியைப் போட்டுக் கொதிக்கவைத்த நீரைப் பதமான சூட்டில் துணியில் நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். போர்த்திவிட்டாள். சுடுதண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். இதில் எது தப்பு? குளிர் பட்டால் வலி கூடும், வெதுவெதுப்பு இதம் தரும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றுதான் நீங்களும் சொல்கிறீர்கள். மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, காலில் ஒட்டியிருந்த தழையைப் பார்த்த ஒருவர் கேட்டது: “காட்டு வைத்தியம் பண்ணிக்கிட்டு இங்க எதுக்கு வந்தீங்க?” அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அன்றிலிருந்து எந்த மருத்துவர் எதைக் கேட்டாலும் அவளுடைய பதில் ஒன்றுதான்: “வேற ஒண்ணும் சாப்பிடல டாக்டர்.”

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. முற்றிய நிலையில் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளை நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ஆனாலும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டெங்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டில் பெரிய பாத்திரம் வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றிக் கொடுத்தது இதே அரசு. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு தனியாக இயங்குகிறது. சென்னைக்காரர் குடித்தால் அது பாரம்பரியம், பனியர் வீட்டுப் பிள்ளை குடித்தால் அறியாமை என்றால், அந்தப் பிள்ளை உங்களிடம் வாயைத் திறக்குமா?

அவர்கள் ஏன் அதை நம்புகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த நோயின் போக்கே நாட்டு மருந்துக்குச் சாதகமானது. வலி தாக்கினால் நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம் இருக்கும். பெரும்பாலும் தானாகத் தணியும். மூன்றாம் நாள் எந்தக் கஷாயத்தைக் கொடுத்தாலும் ஐந்தாம் நாள் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். நீங்கள் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையின் கதை இன்னும் மோசம். அது கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் வகையை உடம்பில் கூட்டி, சிவப்பணு அரிவாளாக வளைவதைக் குறைக்கிறது. ஆனால் தினமும் விடாமல் சாப்பிட்டாலும் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டில் இன்னொரு பக்கம் வேர்ச்சூரணம் தொடங்குகிறார்கள். நாலாவது மாதம் வலி குறைகிறது. யாருக்கு நன்றி போகும்? வேருக்குத்தான். அடுத்து எதை நிறுத்துவார்கள்? மாத்திரையைத்தான். இப்படி நிறுத்திய ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுடைய கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. அவனிடம் யாரும் கால அட்டவணையைச் சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்த இன்னும் காரணங்கள் உண்டு. அது புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து என்று எவனோ ஒருவன் செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னாலே போதும், விடுதி முழுக்கப் பரவிவிடும். ஆண் பிள்ளைகளுக்கு விந்தணு குறையலாம் என்பதும், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் முன்கூட்டியே உங்களிடம் பேச வேண்டும் என்பதும் உண்மையான விஷயங்கள். பதினேழு பதினெட்டு வயதில் இதையெல்லாம் கேட்க அவர்களுக்கு நாக்கு எழாது, பக்கத்தில் அப்பா நின்றால் இன்னும் எழாது. நீங்களாகப் பேச்சை எடுத்தால்தான் உண்டு. நீங்கள் எடுக்காவிட்டால், பக்க விளைவே இல்லாத மூலிகை என்று சொல்கிறவன் எடுப்பான்.

சரி, மூலிகையால் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். இந்த மடலைப் பெற்றோரும் படிப்பார்கள். எல்லா மூலிகையும் விஷமில்லை. இந்த நோயில் ஆபத்து பெரும்பாலும் மருந்தோடு வரும் பத்தியத்திலும், அதனால் வீணாகப் போகிற நேரத்திலும்தான் இருக்கிறது.

மஞ்சள் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் கண் மஞ்சளானால் காமாலை, காமாலை என்றால் கீழாநெல்லி. வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் கூடாது, சில இடங்களில் முதலில் பேதிக்கும் கொடுத்துவிடுவார்கள். சிக்கிள் செல் பிள்ளைக்குக் கண் மஞ்சளாவது பெரும்பாலும் ஈரல் கெட்டு அல்ல. நமக்கெல்லாம் ஒரு சிவப்பணு 120 நாள் வாழும். இவர்களுக்குப் பத்திருபது நாளில் உடைந்துவிடும். உடைந்த ரத்தத்தின் நிறம்தான் கண்ணில் தெரிகிறது. அது போகாது, கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். கீழாநெல்லி பாட்டுக்கு வயிற்றில் கிடக்கட்டும், ஆனால் பேதியும் பட்டினியும் அவனைத் தாக்கிவிடும். இவர்களுடைய சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. சிறுநீர் நிறையப் போகும். அதனால்தான் விடுதியில் பெரிய பிள்ளைகள்கூடப் படுக்கையை நனைத்துவிட்டுக் கூனிக்குறுகி நிற்கிறார்கள், மாலை நாலு மணிக்குமேல் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். அந்த உடம்பில் பேதி வேறு கொடுத்தால் ரத்தம் சுண்டும், சிவப்பணு வளையும், வலி வரும். +1 படித்த ஒருவன் காமாலைப் பத்தியம் இருந்து மூன்றாம் நாள் முதுகிலும் நெஞ்சிலும் வலியோடு விழுந்தான். வீட்டில் எல்லோரும் சொன்னது, பத்தியத்தை அவன் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று.

அடுத்தது இரும்பு. பிள்ளை வெளுத்திருக்கிறது, ரத்தம் இல்லை, ஆகவே இரும்பு கொடு. முருங்கைக்கீரையோடு நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நாட்டு மருந்துக் கடையில் அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பதுதான் பிரச்சினை. இந்த நோயில் ரத்தம் குறைவது சிவப்பணு சீக்கிரம் உடைவதால். இரும்பு போதாததால் அல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏற்கெனவே ஈரலிலும், சிலருக்கு இதயத்திலும், இரும்பு சேர்ந்திருக்கலாம். சிலருக்கு இரும்புக் குறையும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால்தான் சோதித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஒரு பக்கம் உண்மையைச் சொல்ல வேண்டும்: அயச்செந்தூரம் தப்பென்றால், எல்லோருக்கும் ஒரே மாதிரி இரும்புச்சத்து மாத்திரை நீட்டும் நம் பள்ளித் திட்டத்திலும் இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியவை சில இருக்கின்றன. பெருமருந்து என்று இங்கே அழைக்கப்படும் ஈஸ்வரமூலியிலும் ஆடுதின்னாப்பாளையிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. அது சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும். ஏற்கெனவே சிறுநீரகம் அடிவாங்கிய பிள்ளைக்கு அதைக் கஷாயமாகக் கொடுப்பது பெரிய கேடு. மருதாணியை உள்ளுக்குக் கொடுப்பது, அல்லது உடம்பெல்லாம் பூசுவது, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்களைச் சடசடவென்று உடைத்துவிடும். சிக்கிள் செல்லும் இந்தக் குறைபாடும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். அப்புறம், பெயரில்லாத பொட்டலப் பொடி. ‘ஒரே வேளையில் வலி பறக்கும்’ என்று சந்தையில் விற்கிறார்களே, அதைச் சொல்கிறேன். அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சாப்பிடும்வரை சுகமாக இருக்கும்; சிக்கிள் செல் உள்ளவர் திடீரென நிறுத்தினால் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். அப்போது அவர்கள் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள், பொட்டலத்தைப் பற்றிச் சொல்லவே மாட்டார்கள்.

நேரம் போவது பற்றிச் சொன்னேன். இருமலும் சளியும் என்று ஆடாதொடைக் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருப்பார்கள். அது நுரையீரலைப் பாதிக்கும் நெஞ்சுக்கூட்டுத் தாக்குதலின் தொடக்கமாக இருக்கும், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகே வண்டி தேடுவார்கள். இடுப்பு வலியை வாதம் என்று தைலம் தேய்த்தே இரண்டு வருஷம் ஓட்டுவார்கள். உள்ளே தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டம் இல்லாமல் நொறுங்கிக்கொண்டிருக்கும். ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒன்றை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். ஆண்குறி விறைத்து, வலியோடு, மணிக்கணக்கில் இறங்காமல் இருப்பது இந்த நோயில் வருவதுண்டு. நாலு மணி நேரம் தாண்டினால் நிரந்தரச் சேதம் ஆகலாம். எந்தப் பையன் இதைப் புறநோயாளி வரிசையில் நின்று சொல்வான்? ரகசியமாக வைத்தியரிடம் போகிறான், சூட்டைத் தணிக்கும் லேகியம் என்று எதையோ வாங்குகிறான். இப்படி ஒன்று வரலாம், வந்தால் உடனே வா என்று நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் அவன் ஓடி வந்திருப்பான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மூலிகையே வேண்டாம் என்று முடிக்க நான் தயாரில்லை. அதற்குக் காரணம் நைஜீரியா. உலகில் சிக்கிள் செல் பிள்ளைகள் அதிகம் பிறக்கும் நாடு அது. அங்கே ஒரு பாரம்பரிய வைத்தியக் குடும்பத்திடமிருந்த மருந்தை, அபுஜாவில் உள்ள தேசிய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் வாங்கிப் படித்தது. கினி மிளகு, கிராம்பு, சோளத்தின் இலை, நம் வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் தண்டு ஆகிய நான்கும்தான் சரக்கு. நிப்ரிசான் என்று பெயர். 82 பேரிடம் முறையாகச் சோதித்தபோது கடும் வலித் தாக்குதல்கள் குறைந்தன. ஆனால் ரத்தசோகை மாறவில்லை. இன்னொரு மருந்து சிக்லாவிட். அதன் அடிப்படை நம் வீட்டுத் துவரை. 100 பேரிடம் நடந்த சோதனையில் ஓரளவு பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. நிப்ரிசான் 2006இல் விற்பனைக்கே வந்தது. 2008இல் அதைத் தயாரித்த கம்பெனி திவாலானது. பெரிய அளவிலான அடுத்த கட்டச் சோதனை நடக்காமலே போயிற்று. ஆக, துவரம்பருப்பு சாம்பார் சாப்பிட்டால் நோய் போகும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது வேறு சாறு, வேறு அளவு. ஆனால் ஒரு வைத்தியரின் சொல்லை ஒரு நாடு சிரிக்காமல் கேட்டு, எடைபோட்டு, எண்ணிப் பார்த்தது என்பது முக்கியம். 1952இலிருந்து ஆய்வாளர்கள் வந்துபோகும் மலை இது. இவர்கள் உடம்பிலிருந்து எத்தனையோ சொட்டு ரத்தம் எடுத்தாயிற்று. அடுப்படியில் என்ன கொதிக்கிறது என்றும் யாராவது கேட்டு எழுதலாமே.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மாதாந்திர கிளினிக்கில் எடை பார்க்கும்போது, “வேற என்ன சாப்பிடுற? பாட்டி என்ன கொடுத்தாங்க?” என்று செவிலியர் ஒருவர் சாதாரணமாகக் கேட்கட்டும். கேட்டு, அட்டையில் இரண்டு வரி எழுதட்டும். பனியர் ஒரு பெயர் சொல்வார்கள், காட்டுநாயக்கர் வேறு பெயர் சொல்வார்கள். ஆகவே அந்தச் சமூகத்திலிருந்து வந்த சுகாதாரப் பணியாளர் பக்கத்தில் இருந்தால் நல்லது. இலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கெடுதல் இல்லாததை இருக்கட்டும் என்று விடுங்கள். விட வேண்டியதை மட்டும் காரணம் சொல்லி நிறுத்துங்கள். பத்தில் எட்டை நீங்கள் அனுமதித்தால், மீதி இரண்டை அவர்கள் உங்களுக்காக விடுவார்கள். சித்தா பிரிவு மருத்துவரையும் அன்று அதே அறையில் உட்கார வையுங்கள். பேதியும் பட்டினியும் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடாது என்று அவர் வாயால் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். நீங்கள் சொல்லிக் கேட்பதைவிட அதிகமாகவே கேட்பார்கள், வருத்தப்படாதீர்கள்.

வலியை மட்டும் காக்க வைக்காதீர்கள். வந்த ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்து உள்ளே போக வேண்டும் என்கிறது அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இந்தியாவில் இந்த நோய் மென்மையாக இருக்கும் என்று சொல்லப்படுவதை வைத்துக்கொண்டு, துடிக்கும் பையனைப் பார்த்து நடிக்கிறான் என்று சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும். மருந்துக்காக வந்து, பெஞ்சில் மூன்று மணி நேரம் சுருண்டு படுத்துவிட்டுப் போனவன் அடுத்த தடவை எங்கே போவான் என்று உங்களுக்கே தெரியும். ஊட்டிக்கு 50 கி.மீ. மலைப்பாதை. அந்த வலியோடு அந்த வளைவுகளில் ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பார்த்தால் நொச்சித் தழையின் அருமை புரியும். ஹைட்ராக்சியூரியாவும், அதற்கு வேண்டிய ரத்த அணுச் சோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையில்லாமல் கிடைக்கச் செய்யுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோய் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் வாங்கத் தகுதியுள்ளவர்களுக்கு அதைக் கிளினிக்கிலேயே எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளிப் பக்கம் நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. என் வகுப்பில் தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருக்கலாம், கேட்காமல் கழிப்பறைக்குப் போகலாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். விடுதிக் காப்பாளரிடம் அதிகாலைக் குளிர்நீர்க் குளியல் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். மரபியல் பாடத்தில் அரிவாள் வடிவச் சிவப்பணு வரும்போது சில தலைகள் குனிவதைக் கவனித்து, பாடத்தை நடத்தும் விதத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கிளினிக் நாளில் என் மாணவர்கள் வருவார்கள். வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருத்தி, “திட்டுவாங்க டீச்சர்” என்றாள். திட்ட மாட்டார்கள் என்று உங்கள் சார்பில் நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து ஓர் ஆசிரியை